டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த நான்காம் கிறிஸ்டியன்?

1577 ஏப்ரல் 12 அன்று கோபன்ஹேகனுக்கு வடக்கே உள்ள ஃபிரெடெரிக்ஸ்போர்க் கோட்டையில் பிறந்தவர். 1588 முதல் 1648இல் சாகும்வரை டென்மார்க்குக்கும் நார்வேக்கும் அரசர். கிட்டத்தட்ட அறுபது ஆண்டுகள். டென்மார்க்கில் இவ்வளவு காலம் வேறு யாரும் அரியணையில் இருந்ததில்லை. 2024இல் பதவி விலகிய இரண்டாம் மார்கரெட் அரசிகூட 52 ஆண்டுகள்தான் ஆண்டார்.

ஊர் ஊராகக் கட்டியவர், கப்பற்படையை வளர்த்தவர், பெருங்குடிகாரர், இரண்டு பெரிய போர்களில் தோற்றவர். சாகும்போது நாடு சுருங்கிப்போய்க் கடனில் கிடந்தது. அப்படியும் டேனிஷ் மக்களுக்கு மிகவும் பிடித்த பழைய அரசர் யார் என்றால் பலர் இவர் பெயரைத்தான் சொல்வார்கள். இவரைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம். யாரையும் கேட்காமல் செலவழிக்கக்கூடிய பணம் இவர் கையில் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று கீழே சொல்கிறேன்.

அன்றைய டென்மார்க் எவ்வளவு பெரியது?

இன்றைய வரைபடத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. நார்வே முழுவதும், ஐஸ்லாந்து, ஃபாரோ தீவுகள் எல்லாம் இவர் ஆட்சியில் இருந்தன. இன்று ஸ்வீடனின் தென்பகுதியாக இருக்கும் ஸ்கோனே, ஹால்லாண்ட், பிளெக்கிங்கே பகுதிகளும் பால்டிக் கடலில் உள்ள கோட்லாண்ட் தீவும் அப்போது டென்மார்க்கைச் சேர்ந்தவை. இன்று எஸ்தோனியாவில் உள்ள சாரமா தீவும் இவருடையது. தெற்கே ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளுக்கு இவர் டியூக். இதில் ஹோல்ஸ்டைன் ஜெர்மானியப் பேரரசுக்குள் வரும் நிலம். அதாவது டென்மார்க்கில் சுதந்திர அரசராக இருந்தவர், ஹோல்ஸ்டைனில் பேரரசருக்குக் கீழ்ப்பட்ட ஒரு சிற்றரசர். இந்த இரட்டை வேடம் பின்னால் பெரிய வினையாக முடிந்தது.

பத்து வயதில் எப்படி அரசரானார்?

தந்தை இரண்டாம் ஃபிரெடெரிக் 1588 ஏப்ரல் 4 அன்று இறந்தார். மகனுக்குப் பதினொரு வயது நிறைய இன்னும் ஒரு வாரம் இருந்தது. பிரபுக்கள் அடங்கிய அரசவைதான் அவர் வளரும்வரை நாட்டைப் பார்த்துக்கொண்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் நீல்ஸ் கோஸ் என்ற மூத்த அமைச்சர். தாய் சோஃபி, பிள்ளைகள் சார்பில் தன் கையிலும் அதிகாரம் வேண்டும் என்று போராடினார். பிரபுக்கள் விடவில்லை.

1596 ஆகஸ்ட் 29 அன்று கோபன்ஹேகனில் முடிசூட்டு விழா. அதற்கென்று செய்த பொன்முடி இன்றும் ரோசன்போர்க் மாளிகையில் இருக்கிறது. ஆனால் முடி தலைக்கு ஏறும்முன் ஒரு சாசனத்தில் கையெழுத்துப் போட வேண்டும். டென்மார்க்கில் அரசர் பதவி அன்று சட்டப்படி பிறப்புரிமை அல்ல. அரசவைதான் தேர்ந்தெடுக்கும், நிபந்தனையும் போடும். போர் தொடுக்க அரசவையின் சம்மதம் வேண்டும். பிரபுக்களுக்கு வரி கிடையாது. இருபதைத் தொடாத இளைஞர் எல்லாவற்றுக்கும் சரி என்று கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் ஐம்பது வருடமும் அந்தச் சாசனத்தில் சந்து தேடிக்கொண்டே இருந்தார்.

பணம் எங்கிருந்து வந்தது?

கடலில் இருந்து. வட கடலையும் பால்டிக் கடலையும் இணைப்பது ஓரசுண்ட் நீரிணை. மிகக் குறுகிய இடத்தில் சுமார் நான்கு கிலோமீட்டர் அகலம்தான். போலந்துத் தானியம், ரஷ்யத் தோல், ஸ்வீடன் இரும்பு, பிரெஞ்சு உப்பு எல்லாம் இதன் வழியாகப் போக வேண்டும். அன்று இரு கரையும் டென்மார்க்கின் நிலம். ஹெல்சிங்கோர் நகரத்தில் குரோன்போர்க் கோட்டையின் பீரங்கிகளுக்கு முன்னால் ஒவ்வொரு கப்பலும் நின்று சுங்கம் கட்டிவிட்டுத்தான் நகர முடியும். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகம் நடக்கும் கோட்டை இதுதான்.

சுங்கம் வசூலித்த முறையில் ஒரு தந்திரம் உண்டு. சரக்கின் மதிப்பைக் கப்பல் தலைவரே சொல்லலாம், அதன்படி வரி. குறைத்துச் சொன்னால்? சொன்ன விலைக்கே அந்தச் சரக்கை வாங்கிக்கொள்ளும் உரிமை அரசருக்கு உண்டு. சோதனை போட ஆள்படை தேவையில்லாமலே வியாபாரிகள் ஏறக்குறைய உண்மையைச் சொன்னார்கள். இன்றைய வரித்துறைகள் பொறாமைப்படும் ஏற்பாடு.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. மற்ற வரிகளுக்கு அரசவையிடம் போய் நிற்க வேண்டும். இந்தச் சுங்கம் நேரே அரசரின் சொந்தப் பெட்டிக்குப் போனது. அரண்மனை கட்ட, கப்பல் கட்ட, படை திரட்ட யார் அனுமதியும் தேவையில்லை. 1629இல் குரோன்போர்க் தீப்பிடித்து எரிந்தபோது திரும்பக் கட்டப் பணம் தர அரசவை தயங்கியது. கிறிஸ்டியன் சுங்கத்தை ஏற்றிக் கட்டி முடித்தார். கப்பல்காரர்கள் வாக்களிக்கப் போவதில்லையே! ஆனால் அவர்களுக்குப் பின்னால் நெதர்லாந்து என்று ஒரு நாடு இருந்தது. 1630களில் சுங்கம் ஏற ஏற அவர்களின் கோபமும் ஏறியது. அந்தக் கணக்கு 1644இல் தீர்க்கப்பட்டது.

முதல் போரில் வென்றாரா?

ஆமாம். 1611 முதல் 1613 வரை ஸ்வீடனோடு நடந்தது. கால்மர் போர் என்று பெயர். அரசவைக்கு விருப்பமே இல்லை. "நீங்கள் சம்மதிக்காவிட்டால் ஹோல்ஸ்டைன் டியூக் என்ற முறையில் நானே போர் தொடுப்பேன்" என்ற வகையில் கிறிஸ்டியன் மிரட்ட, அவர்கள் இறங்கிவந்தார்கள். சாசனத்தில் அவர் கண்டுபிடித்த சந்து அதுதான்.

மேற்குக் கடலில் ஸ்வீடனுக்கு இருந்த ஒரே வாசலான எல்ஃப்ஸ்போர்க் கோட்டையை டென்மார்க் பிடித்தது. அதை மீட்க ஸ்வீடன் பத்து லட்சம் வெள்ளி நாணயங்கள் தர வேண்டும் என்று 1613 ஒப்பந்தம் சொன்னது. கடன்பட்டு, வரி போட்டு, 1619க்குள் ஸ்வீடன் கட்டி முடித்தது. அந்தப் பணமும் அரசரின் பெட்டிக்கே. ஐரோப்பாவின் மிகப் பெரிய பணக்கார அரசர்களில் ஒருவரானார். சொந்தப் பிரபுக்களுக்கே வட்டிக்குக் கொடுத்தார். இந்த வெற்றிதான் அவரைக் கெடுத்தது என்று சொல்வேன். ஸ்வீடனின் இளம் அரசர் குஸ்தாவ் அடால்ஃப் தோல்வியிலிருந்து படையைச் சீர்செய்யக் கற்றார். கிறிஸ்டியன் வெற்றியிலிருந்து எதையும் கற்கவில்லை.

முப்பதாண்டுப் போரில் ஏன் போய் மாட்டிக்கொண்டார்?

1618இல் ஜெர்மானிய நாடுகளில் கத்தோலிக்கர்களுக்கும் புரொட்டஸ்டண்டுகளுக்கும் மூண்ட போர் வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. கிறிஸ்டியன் லூதரன், அதாவது புரொட்டஸ்டண்ட் மரபினர். மதப்பற்று உண்மைதான், ஆனால் வட ஜெர்மனியின் வளமான மறைமாவட்டங்களைத் தன் இளைய மகன்களுக்குப் பிடித்துக்கொடுக்கும் ஆசையும் இருந்தது. ஸ்வீடன் முந்திவிடுமோ என்ற பயமும் இருந்தது. 1625இல் இறங்கினார். அரசவை மறுத்தது. ஹோல்ஸ்டைன் டியூக்காகப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். முன்பு மிரட்டல், இந்த முறை செயல்.

ஆரம்பமே சரியில்லை. அந்த ஜூலையில் ஹாமெல்ன் நகரின் கோட்டை மதிலில் இருந்து குதிரையோடு விழுந்து நினைவிழந்தார். இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் மாதாமாதம் பணம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அவர் கிறிஸ்டியனின் சொந்த அக்கா ஆனின் மகன். இவர் அவருக்குத் தாய்மாமன். பெரும்பகுதிப் பணம் வரவே இல்லை. 1626 ஆகஸ்டில் லூட்டர் என்ற இடத்தில் கத்தோலிக்கத் தளபதி டில்லி இவரது படையை நொறுக்கினார். அடுத்த ஆண்டு ஜெர்மானியப் பேரரசரின் தளபதி வாலன்ஸ்டைனின் படைகள் ஜட்லாந்து தீபகற்பம் முழுவதையும் பிடித்துக் கொள்ளையடித்தன. குடியானவர்களின் ஆடு மாடு, தானியம் எல்லாம் போயிற்று.

நாடு முழுதாகப் போகாமல் காப்பாற்றியது கடற்படை. பேரரசரிடம் சொல்லும்படியான கப்பல்கள் இல்லை; கோபன்ஹேகன் உள்ள தீவுகளுக்கு அவர்களால் வர முடியவில்லை. 1629இல் கிறிஸ்டியனும் குஸ்தாவ் அடால்ஃபும் எல்லையில் சந்தித்துப் பேசினார்கள். இரண்டு பேரும் கைகோத்துவிடுவார்களோ என்று பேரரசர் தரப்பு கவலைப்பட, லூபெக் ஒப்பந்தத்தில் டென்மார்க் இழந்த நிலம் அனைத்தும் திரும்பக் கிடைத்தது. ஜெர்மானிய விவகாரங்களில் தலையிடக் கூடாது என்பதுதான் விலை. தோற்றவருக்கு அது நல்ல பேரம். ஆனால் பெட்டி காலி.

கப்பலில் கண்ணை இழந்த கதை உண்மையா?

உண்மை. 1643 கடைசியில் ஸ்வீடன் தளபதி டோர்ஸ்டென்சன் போர் அறிவிப்புகூட இல்லாமல் தெற்கிலிருந்து ஜட்லாந்துக்குள் நுழைந்தார். 1644 ஜூலை 1 அன்று கோல்பர்கர் ஹைடே என்ற கடற்பகுதியில் இரு கப்பற்படைகளும் மோதின. 67 வயது கிறிஸ்டியன் தன் 'திரித்துவம்' கப்பலின் மேல்தளத்தில் நின்றிருந்தார். பீரங்கிக் குண்டு ஒன்று பட்டுச் சிதறிய துண்டுகள் முகத்திலும் உடம்பிலும் பாய்ந்தன. வலக்கண் பார்வை போயிற்று. விழுந்தவர் எழுந்து நின்று சண்டையை நடத்தினார். டென்மார்க்கின் அரச கீதம் இந்தக் காட்சியோடுதான் தொடங்குகிறது. அன்று அவர் உடுத்தியிருந்த இரத்தக்கறை படிந்த ஆடைகள் ரோசன்போர்க்கில் காட்சிக்கு இருக்கின்றன.

கீதத்தில் வராத பாகம் இனிமேல்தான். அந்தச் சண்டையில் யாருக்கும் தெளிவான வெற்றி இல்லை. கீல் வளைகுடாவில் அடைபட்ட ஸ்வீடன் கப்பல்கள் நழுவித் தப்பின. தப்பவிட்ட குற்றத்துக்காகப் பேடர் கால்ட் என்ற மூத்த கடற்படைத் தலைவருக்கு மரண தண்டனை கிடைத்தது. அக்டோபரில் ஃபேமார்ன் தீவருகே ஸ்வீடனும், அவர்கள் நெதர்லாந்தில் திரட்டிய கப்பல்களும் சேர்ந்து டேனிஷ் படைப்பிரிவை அழித்தன. சுங்கத்தால் கடுப்பான நெதர்லாந்து வேடிக்கை பார்க்கவில்லை. 1645 புரோம்செப்ரோ ஒப்பந்தப்படி கோட்லாண்ட், சாரமா, நார்வேயைச் சேர்ந்த யெம்ட்லாண்ட், ஹார்யேடாலன் எல்லாம் போயின. ஹால்லாண்ட் 30 ஆண்டுக்கு ஸ்வீடனிடம் அடமானம். திரும்பி வரவே இல்லை. ஸ்வீடன் கப்பல்களுக்கு ஓரசுண்டில் சுங்கமே கிடையாது என்றும் ஆயிற்று.

கோபன்ஹேகனில் எதைப் பார்த்தாலும் இவர் பெயர் வருகிறதே, அவ்வளவு கட்டினாரா?

கட்டினார். ரோசன்போர்க் மாளிகை, கடற்படையினருக்கான ஹோல்மென் தேவாலயம், கிறிஸ்டியன்ஸ்ஹாவ்ன் பகுதி, ஆயுதசாலை, மதுவாலை, மாலுமிக் குடும்பங்களுக்காக 1631இல் தொடங்கிய நியூபோடர் வரிசை வீடுகள். பிறந்த இடமான ஃபிரெடெரிக்ஸ்போர்க்கில் பழைய கட்டடத்தின் பெரும்பகுதியை இடித்துவிட்டு ஏரிக்கு நடுவே புது அரண்மனை எழுப்பினார். நான்கு டிராகன்களின் வால்கள் முறுக்கிக்கொண்டு மேலே போகும் கோபுரம் உடைய பங்குச் சந்தைக் கட்டடமும் இவருடையதுதான். அது 2024 ஏப்ரல் 16 அன்று தீப்பிடித்து, கோபுரம் எரிந்து சாய்ந்தது. நகரத்தார் ஓவியங்களைத் தோளில் சுமந்து வெளியே கொண்டு வந்ததைத் தொலைக்காட்சியில் பலர் பார்த்திருப்பீர்கள்.

எனக்குப் பிடித்தது வட்டக் கோபுரம். 1637இல் தொடங்கி 1642இல் முடிந்தது. உள்ளே படிக்கட்டு கிடையாது. உச்சியை நெருங்கும்வரை ஏழரைச் சுற்று சுற்றிக்கொண்டு மேலேறும் சரிவுப் பாதைதான். பல்கலைக்கழக நூலகத்தின் புத்தகங்களையும் வானியல் கருவிகளையும் ஏற்றி இறக்க அது வசதி. 1716இல் ரஷ்யாவின் மகா பீட்டர் குதிரையிலேயே மேலே போனார். கோபுரத்தின் முகப்பில் உள்ள விடுகதை போன்ற பொன்னெழுத்து வரிக்கு அரசரே கைப்பட வரைந்த மாதிரி இன்னும் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. வானியலாளர் டைகோ பிராகேவுக்கு இவருடைய அப்பா ஹ்வென் தீவையே கொடுத்துப் போற்றினார். மகன் பட்டத்துக்கு வந்ததும் மானியம் வெட்டப்பட்டது. 1597இல் டைகோ நாட்டை விட்டே போய், பிராகாவில் உயிரைவிட்டார். நாற்பது வருடம் கழித்து அதே அரசர் வானத்தைப் பார்க்கக் கோபுரம் கட்டுகிறார், டைகோவின் சீடர் லோங்கோமொன்டானுஸுக்காக.

ஆஸ்லோ நகரத்துக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

1624 ஆகஸ்டில் மரவீடுகள் நிறைந்த ஆஸ்லோ எரிந்து சாம்பலானது. சில வாரங்களில் கிறிஸ்டியன் நேரில் போய், நகரத்தை அகெர்ஷுஸ் கோட்டையின் அடிவாரத்துக்கு மாற்றச் சொன்னார். நேர்த் தெருக்கள், தீப்பிடிக்காத சுவர்கள். பெயர் கிறிஸ்டியானியா. 1925இல்தான் மீண்டும் ஆஸ்லோ ஆனது. நார்வேயின் கிறிஸ்டியன்சாண்ட், இன்று ஸ்வீடனில் உள்ள கிறிஸ்டியன்ஸ்டாட் இரண்டும் இவர் பெயரில் இவர் வைத்த ஊர்கள். வெள்ளிச் சுரங்கத்துக்காக உருவான கோங்ஸ்பெர்க்கும் இவர் காலத்தது.

நார்வேயை ஒரு மாகாணம் போல நடத்தாமல் அடிக்கடி போய்வந்தார். 1599இல் கப்பல்களோடு நார்வேயின் வடகோடி முனையைச் சுற்றி வெள்ளைக் கடல் பக்கம்வரை சென்றார். அங்கே திரியும் ஆங்கில, ரஷ்யக் கப்பல்களுக்கு இது யாருடைய கடல் என்று காட்டத்தான் இந்தப் பயணம்.

தரங்கம்பாடியை டேனியர்களுக்கு வாங்கித் தந்தது இவர்தானா?

ஆமாம், ஆனால் திட்டமிட்டு அல்ல. நெதர்லாந்தும் இங்கிலாந்தும் கிழக்கே சம்பாதிப்பதைப் பார்த்து 1616இல் டேனிஷ் கிழக்கிந்திய கம்பெனிக்கு அனுமதி கொடுத்தார். பங்கு வாங்க ஆள் குறைவு. தானே பெரும்பணம் போட்டார், பிரபுக்களையும் ஊர்களையும் நெருக்கிப் போட வைத்தார்.

குறி வைத்த இடம் இலங்கை. கண்டி அரசரின் தூதன் என்று சொல்லிக்கொண்டு வந்த போஷோவர் என்ற டச்சுக்காரர் வியாபார உரிமை எல்லாம் தருவதாகச் சொன்னார், கோபன்ஹேகன் நம்பியது. 1618 நவம்பரில் ஓவே கெட்டே என்ற 23 வயது இளைஞரின் தலைமையில் கப்பல்கள் கிளம்பின. போஷோவர் வழியிலேயே இறந்துபோனார். 1620இல் இலங்கை போய்ச் சேர்ந்தால், அந்த வாக்குறுதிகளைக் கண்டி அரசர் செனரத் ஏற்கவில்லை.

அதற்குள் முன்னால் அனுப்பிய 'ஓரசுண்ட்' என்ற கப்பல் காரைக்கால் அருகே போர்த்துக்கீசியரிடம் சிக்கி அழிந்திருந்தது. அதன் வணிகத் தலைவர் ரோலண்ட் கிராப்பே உயிர் தப்பித் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரின் அரசவைக்குப் போனார். போர்த்துக்கீசியரை மட்டும் நம்பியிருக்க விரும்பாத நாயக்கர், இவர்களுக்கு இடம் கொடுத்தார். 1620 நவம்பரில் ஒப்பந்தம். தரங்கம்பாடிக் கடற்கரையில் இன்றும் நிற்கும் டேன்ஸ்போர்க் கோட்டை அப்படி வந்தது. ரகுநாத நாயக்கர் கிறிஸ்டியனுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் அனுப்பிய கடிதம் டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

கிறிஸ்டியன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. லாபமும் பெரிதாகப் பார்க்கவில்லை. ஐரோப்பியப் போர்களில் பணம் கரைந்ததும் கப்பல்கள் வருவது நின்றுபோனது. 1643இல் ஒரு கப்பல் வந்தது, அடுத்தது 1669இல்தான். அந்த இடைவெளியில் கோட்டையைக் கைவிடாமல் பிடித்துவைத்திருந்தவர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

சீகன்பால்குவை அனுப்பியவரும் இவர்தானா?

இல்லை. 1706இல் மதபோதகர் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தது நான்காம் ஃபிரெடெரிக்கின் காலத்தில். அவர் இவருடைய கொள்ளுப்பேரன். இரண்டு பேரும் 'நான்காம்' என்பதால் குழப்பம் வருகிறது.

எத்தனை மனைவிகள், எத்தனை பிள்ளைகள்?

1597இல் பிராண்டன்போர்க்கின் ஆன் கேதரினை மணந்தார். அவர் 1612இல் இறந்தார். 1615இல் கிர்ஸ்டென் முங்க் என்ற பிரபு குலப் பெண்ணை மணந்தார். முறையான திருமணம்தான், ஆனால் அவர் அரசி ஆக முடியாது, பிள்ளைகளுக்கு அரியணை உரிமையும் கிடையாது. பன்னிரண்டு பிள்ளைகள். ஜெர்மன் படைத்தலைவர் ஒருவரோடு கிர்ஸ்டெனுக்குத் தொடர்பு என்று சந்தேகப்பட்டு, கடைசிக் குழந்தை தன்னுடையதல்ல என்று சொல்லி, அவரை ஜட்லாந்துக்கு அனுப்பிவிட்டார். அப்புறம் விபெக்கே குருசே என்பவரோடு வாழ்ந்தார். எல்லாம் சேர்த்துப் பிள்ளைகள் இருபதுக்கும் மேல்.

கிர்ஸ்டெனின் மகள்களைச் செல்வாக்குள்ள பிரபுக்களுக்குக் கட்டிக்கொடுத்தார். கடைசிக் காலத்தில் அந்த மருமகன்களே அவருக்குத் தலைவலியானார்கள். அவர்களில் கோர்ஃபிட்ஸ் உல்ஃபெல்ட் பின்னாளில் ஸ்வீடன் பக்கம் போய்த் துரோகியானார். அவர் மனைவி, அரசரின் செல்ல மகள் லியோனோரா கிறிஸ்டினா, கோபன்ஹேகன் அரண்மனையின் நீலக் கோபுரத்தில் 22 ஆண்டுகள் சிறையில் கிடந்தார்.

குடிப் பழக்கம் பற்றிய கதைகள்?

1606இல் அக்காவைப் பார்க்க இங்கிலாந்து போனார். தியோபால்ட்ஸ் மாளிகையில் இவருக்கும் அக்காவின் கணவரான இங்கிலாந்து அரசருக்கும் விருந்து. சாலமோன் அரசரைக் காண ஷீபா அரசி வரும் நாடகம். ஷீபா வேடம் போட்ட பெண் தடுக்கி விழுந்து, கையில் இருந்த பண்டங்களை எல்லாம் கிறிஸ்டியனின் மடியில் கொட்டினாராம். துடைத்துக்கொண்டு எழுந்து அவரோடு ஆடப் போன அரசர் தானும் விழ, உள்ளறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்களாம். இதை எழுதியவர் ஜான் ஹாரிங்டன் என்ற அரசவைக்காரர். கிண்டல் பேர்வழி என்பதால் கொஞ்சம் உப்பு மிளகாய் சேர்த்திருக்கலாம்.

ஆனால் இவர் சோம்பேறிக் குடிகாரர் அல்ல. கைப்பட எழுதிய கடிதங்கள் மட்டும் சுமார் மூவாயிரம் மிஞ்சியிருக்கின்றன. வெளிநாட்டு உறவுகளில் இருந்து கட்டட வேலையின் சில்லறைக் கணக்குவரை எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்திருக்கிறார்.

இவர் ஆட்சியின் இருண்ட பக்கம் எது?

சூனியக்காரிகள் என்று சொல்லிப் பெண்களை எரித்தது. 1617இல் சூனியத்துக்கு எதிராக ஒரு சட்டம் போட்டார். சந்தேகம் எழுந்தால் வழக்குப் போடுவது அதிகாரிகளின் கடமை என்றானது. அடுத்த எட்டு ஆண்டுகளில் ஜட்லாந்தில் வழக்குகள் குவிந்தன. பெரும்பாலும் ஏழைப் பெண்கள். நார்வேயின் வடகோடியில் வார்டே பகுதியிலும் அந்த நூற்றாண்டு முழுவதும் இந்தக் கொலைகள் நடந்தன. கட்டடங்களைப் பட்டியல் போடும் சுற்றுலாப் புத்தகங்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

அவர் அனுப்பிய கடற்பயணங்களிலும் உயிர்கள் போயின. ஆர்க்டிக் வழியாக ஆசியாவுக்குப் பாதை தேட 1619இல் யென்ஸ் முங்க்கை இரண்டு கப்பல்களோடு அனுப்பினார். ஹட்சன் விரிகுடாவில் குளிர்காலத்தைக் கழித்ததில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் நோயில் இறந்தார்கள். முங்க்கும் இன்னும் இருவரும் மட்டும் சின்னக் கப்பலை ஓட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

எப்படி இறந்தார், அப்புறம் என்ன ஆனது?

1648 பிப்ரவரி 28 அன்று ரோசன்போர்க்கில் இறந்தார். வயது 70. பட்டத்து இளவரசர் முந்தைய ஆண்டே காலமாகிவிட்டதால் இரண்டாவது மகன் மூன்றாம் ஃபிரெடெரிக் வந்தார். அரசவை சும்மா இருக்கவில்லை. அப்பா செய்த சேட்டைகளை எல்லாம் நினைவில் வைத்து, முன்பைவிடக் கடுமையான சாசனத்தில் மகனிடம் கையெழுத்து வாங்கியது. அது பன்னிரண்டு வருடம்தான் தாங்கியது. 1660இல் ஃபிரெடெரிக் அரசவையின் பிடியை உடைத்துப் பரம்பரை அரசரானார். விரைவில் முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்தது. அப்பா ஐம்பது வருடம் சந்து தேடிய சாசனத்தை மகன் ரத்தே செய்துவிட்டார்.

கல்லறை ரோஸ்கில்டே பேராலயத்தில், அவரே கட்டத் தொடங்கிய சிற்றாலயத்தில் இருக்கிறது.

டென்மார்க்கில் இனியும் கிறிஸ்டியன் என்ற அரசர் வருவாரா?

வரிசைப்படி வர வேண்டும். 1513இல் தொடங்கிக் கிறிஸ்டியன், ஃபிரெடெரிக் என்று மாறி மாறித்தான் அங்கே அரசர்கள். நடுவில் மார்கரெட் அரசி மட்டும் விலக்கு. 2024 ஜனவரியில் பத்தாம் ஃபிரெடெரிக் பட்டத்துக்கு வந்தார். 2005இல் பிறந்த அவருடைய மூத்த மகன் பெயர் கிறிஸ்டியன். அவர் வரும்போது பதினொன்றாம் கிறிஸ்டியன் ஆவார்.